பி.எம். கிசான் 20வது தவணை வந்தாச்சு: நிலக்காரர் கணக்குல. உழுறவன் கணக்குல எப்ப வரும்?

பாமணிக்கரை | 3 ஆகஸ்ட் 2025

மன்னார்குடிக்குப் பக்கத்துல நமக்கு 12 மா (மூணு மா ஏறக்குறைய ஒரு ஏக்கர்) சாகுபடி. அதுல 3 மா சொந்தம், மீதி 9 மா குத்தகை. நிலக்காரர் குடும்பம் ரெண்டு தலைமுறையா சென்னையில இருக்கு. எழுத்து எதுவும் கிடையாது. எங்க அப்பா காலத்துல இருந்து வாய்ப்பேச்சுதான், மாவுக்கு வருஷம் மூணு மூட்டை அளக்குறோம்.

நேத்து காலையில குறுவைக்கு ரெண்டாம் மேலுரம் போட்டுக்கிட்டு இருந்தேன். இடுப்புல யூரியா கட்டிய துண்டு, முழங்கால் வரைக்கும் சேறு. போன் அடிச்சது. நிலக்காரர்தான். நல்ல மனுஷர், குறை சொல்ல மாட்டேன். "தம்பி, வாரணாசியில பிரதமர் பட்டனை அமுக்கிட்டாரு போல, எனக்கு பி.எம். கிசான் பணம் 2,000 வந்துருச்சு. தண்ணி எல்லாம் ஒழுங்கா வருதா?"ன்னு கேட்டார். வருதுங்கன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். அப்புறம் மூணு தப்படி நடந்து நின்னுட்டேன். துண்டுல இருந்த யூரியா என் காசு. மூட்டை 266 ரூபாய் 50 காசு. அந்த வயலுக்குன்னு அரசாங்கம் கொடுக்கிற பணம் மட்டும் அந்த வயலை வருஷத்துக்கு ஒரு தடவை பாக்குறவருக்குப் போகுது.

சொந்த நிலத்துக்காவது வரணுமே? அதுவும் வரல. பட்டா இன்னும் தாத்தா பேருல. அவர் போய் 11 வருஷம் ஆச்சு.

இந்த 2,000 இல்லாம நான் செத்துப் போகல. ஆனா வெள்ள நிவாரணம், இன்சூரன்ஸ், உர மானியம்னு எதுக்குப் போனாலும் முதல் கேள்வி "பட்டா இருக்கா?"தான். சேத்துல நிக்கிறது யாருன்னு ஒரு தடவை கூட யாரும் கேக்கல. டெல்டாவுல பாதிப் பேருக்கு இதே நிலைமைன்னு நினைக்கிறேன். வேற ஊர்க்காரங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?

---

இ-சேவை_நன்னிலம் | 3 ஆகஸ்ட் 2025

அண்ணே, நான் இ-சேவை மையம் வெச்சிருக்கேன். ரெண்டு நாளா கூட்டம் தாங்கல, எல்லாருக்கும் ஒரே கேள்வி, "எனக்கு ஏன் வரல?"

குத்தகை விஷயத்துக்கு எங்கிட்ட பதில் இல்ல. திட்டத்தோட விதியே பட்டாதாரருக்குத்தான்னு சொல்லுது. ஆனா உங்க சொந்த 3 மாவுக்கு வழி இருக்கு. 2019 பிப்ரவரி 1ஆம் தேதி யார் பேருல நிலம் இருந்துச்சோ அவங்கதான் தகுதி. அதுக்கப்புறம் கிரயம் வாங்கினவங்களுக்குக் கிடையாது. ஆனா உடையவர் இறந்து வாரிசா வந்த நிலம்னா ஏத்துக்குவாங்க. தாத்தாவோட இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எடுத்து, அப்பா பேருலயும் அத்தைமார் இருந்தா அவங்க பேருலயும் சேர்த்து கூட்டுப் பட்டா போடுங்க. பாகம் பிரிக்கிறது பிறகு ஆகட்டும். பட்டா மாறினதும் புதுசா பதியலாம். இப்ப விவசாயி தனித்துவ அடையாள எண்ணும் கேக்கறாங்க, அதையும் எடுத்துடுங்க.

ஏற்கெனவே வாங்கிக்கிட்டு இருந்து நின்னு போனவங்களுக்கு நான் தினமும் பாக்குற காரணம் இது மூணுதான். இ-கே.ஒய்.சி. (ஆதார் வழியா ஆள் அடையாளம் சரிபார்க்கிறது) முடிச்சிருக்க மாட்டாங்க. நில விவரம் இணைச்சிருக்க மாட்டாங்க. இல்லன்னா ஆதார் வேற பேங்க் கணக்கோட ஒட்டியிருக்கும், பணம் அங்க போய்க் கிடக்கும். போன வாரம் ஒரு பெரியம்மா வந்தாங்க. மூணு தவணையா வரலன்னு ஒரே அழுகை. பாத்தா நூறு நாள் வேலைக்குன்னு திறந்த பழைய கணக்குல 6,000 ரூபாயும் அப்படியே இருக்கு. பேங்க்ல பேரை மட்டும் பாக்காதீங்க, ஆதார் எந்தக் கணக்கோட இணைஞ்சிருக்குன்னு கேளுங்க.

---

நடவுக்காரி | 4 ஆகஸ்ட் 2025

பாமணிக்கரை தம்பி எழுதினதைப் படிச்சதும் எனக்கும் எழுதணும்னு தோணுச்சு.

என் வீட்டுக்காரர் கஜா புயலுக்கு அடுத்த வருஷம் தவறிட்டார். 5 மா நிலம் மாமனார் பேருல இருக்கு. அவரும் இல்ல. கொழுந்தனார் ரெண்டு பேரும் வெளிநாட்டுல. நான்தான் விதை விட்டு, நாத்துப் பறிச்சு, ஆள் விட்டு நட்டு, அறுத்து, மூட்டை போடுறேன். ஊர்ல எல்லாருக்கும் அது தெரியும். காகிதத்துல மட்டும் நான் விவசாயி இல்ல. சொசைட்டியில கடன் கேட்டாலும் பட்டா, உரத்துக்குப் போனாலும் பட்டா. இ-சேவை தம்பி சொல்ற மாதிரி கூட்டுப் பட்டா போடணும்னா கொழுந்தனார் ரெண்டு பேரோட காகிதமும் வேணுமாம். "லீவுல வரும்போது பாப்போம் அண்ணி"ன்னு நாலு வருஷமா சொல்றாங்க. கெட்டவங்க இல்ல, அவங்களுக்கு அவசரம் இல்ல. அவ்வளவுதான்.

குத்தகைக்காரர் பத்திப் பேசும்போது எங்களையும் சேத்துப் பேசுங்க. நடவு வயல்ல குனிஞ்சு நிக்கிறது முக்காவாசி பொம்பளைங்க. பட்டாவுல எத்தனை பொம்பளைங்க பேர் இருக்குன்னு உங்க ஊர்ல எண்ணிப் பாருங்க.

---

மயிலாப்பூர்_நிலக்காரன் | 4 ஆகஸ்ட் 2025

மறுபக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். எங்களுக்கு வலங்கைமான் பக்கம் 4 ஏக்கர் இருக்கிறது. நான் சென்னையில் வசிக்கிறேன். தனியார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றேன், வருமான வரி வரம்புக்குள் வரவில்லை. ஆகவே தவணை எனக்கு வருகிறது, அது சட்டப்படி சரிதான்.

பாமணிக்கரை எழுதியதைப் படித்தபோது மனது சங்கடப்பட்டது. எங்கள் நிலத்தைப் பார்க்கிறவரும் ஏறக்குறைய இதே நிலையில்தான் இருக்கிறார். ஆனால் நாங்கள் ஏன் எழுதித் தருவதில்லை என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1969இல் வந்த குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் இருக்கிறது. ஒருமுறை பெயர் பதிவாகிவிட்டால் பிறகு குத்தகைதாரரை நிலத்திலிருந்து எழுப்ப முடியாது, மகள் திருமணத்துக்கு விற்கவும் முடியாது, வருவாய் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் நிற்க வேண்டும் என்று எங்கள் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் பெரியப்பா அப்படி நின்றவர். இந்தப் பயம் கற்பனை அல்ல.

2,000 ரூபாயைப் பிடித்துவைத்துக்கொள்ள எனக்கு ஆசை இல்லை. கையெழுத்துப் போடத்தான் பயம்.

---

வெட்டாறு_பாலு | 4 ஆகஸ்ட் 2025

ஐயா, உங்க பயம் எனக்குப் புரியுது. ஆனா அந்தச் சட்டம் எதுக்கு வந்துச்சுன்னும் சொல்லணும்ல? உழுறவனை நடு பருவத்துல நிலத்தை விட்டு இறக்குறது இந்த மண்ணுல சர்வ சாதாரணமா இருந்துச்சு. அதைத் தடுக்கத்தான் 55ல சட்டம் வந்துச்சு. 56ல நியாயமான குத்தகை அளவுக்கும் ஒரு சட்டம் போட்டாங்க, பிறகு அதைத் திருத்தி நிலக்காரர் பங்கு விளைச்சல்ல 25 சதவீதம்னு வெச்சாங்க. பாதுகாப்புக்குன்னு வந்த சட்டம், அதுக்குப் பயந்தே யாரும் எழுதித் தராததால, இன்னைக்கு உழுறவன் பேரையே காகிதத்துல இருந்து எடுத்துடுச்சு. சட்டம் போட்டவங்க இதை எதிர்பார்த்திருக்க மாட்டாங்க.

---

ஓய்வு_வேளாண்அலுவலர் | 5 ஆகஸ்ட் 2025

30 வருடங்களுக்கு மேல் வேளாண்மைத் துறையில் இருந்தவன். இந்த விவாத இழையில் மூன்று வகைப் பணம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது. அதைப் பிரித்துவிட்டால் எங்கே போராட வேண்டும் என்பது தெளிவாகும்.

பி.எம். கிசான் நில உடைமைக்கான பணம். வருடம் 6,000, நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000. முதலில் 2 ஹெக்டேர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு என்று 2019 பிப்ரவரியில் தொடங்கினார்கள். தேர்தல் முடிந்ததும் நிலம் உள்ள எல்லோருக்கும் என்று விரித்தார்கள். வருமான வரி கட்டுவோர், அரசு ஊழியர், மாதம் 10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குவோர், பதிவு பெற்ற மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர் போன்றோருக்குக் கிடையாது. குத்தகைதாரருக்கு இதில் இடமே இல்லை. மத்திய அரசு விதியை மாற்றாமல் எந்த அலுவலரும் எதுவும் செய்ய முடியாது.

வெள்ள நிவாரணம் வேறு. 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்றால் இடுபொருள் மானியம். 2023 பிப்ரவரியில் டெல்டாவில் அறுவடை நேரத்தில் மழை பெய்தபோது மாநில அரசு ஹெக்டேருக்கு 20,000 கொடுத்தது. பேரிடர் நிதி விதிப்படி பாசன நெல்லுக்கு 17,000. வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து வயலுக்கு வந்து கணக்கெடுக்கும். சாகுபடி செய்தவர் பெயர் அந்தப் பட்டியலில் ஏறினால் பணம் அவருக்கே வரும். எந்தப் புலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல்தான் இங்கே உயிர். அடங்கலில் யார் பெயர்?

பயிர்க் காப்பீடு மூன்றாவது. குத்தகைதாரர் அதிகம் இழப்பது இங்கேதான், கொஞ்சம் முயன்றால் அடையக்கூடியதும் இதுதான். திட்டத்தின் விதியிலேயே குத்தகைதாரர், வாரதாரர் (விளைச்சலில் பங்கு தந்து உழுபவர்) சேரலாம் என்று இருக்கிறது. சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். ஏக்கருக்கு 37,000 என்று வைத்துக்கொண்டால் 555 ரூபாய். மீதிப் பிரீமியம் அரசுகளுடையது.

மகசூல் இழப்பீடு உங்கள் வயலைப் பார்த்துத் தருவதில்லை, உங்கள் வருவாய்க் கிராமத்தைப் பார்த்துத் தருகிறார்கள். இது பலருக்குத் தெரியாது. நான் எத்தனையோ பயிர் அறுவடைப் பரிசோதனை செய்திருக்கிறேன். கிராமத்துக்கு நான்கு வயல். புல எண்ணைக் குலுக்கல் முறையில் எடுப்போம். வயல் மூலையில் இருந்து அடி அளந்து போய் முளை அடித்துக் கயிறு கட்டுவோம், 5 மீட்டருக்கு 5 மீட்டர். அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, தார்ப்பாயில் அடித்து, தூற்றி, தராசில் போடுவோம். அந்தச் சதுரத்தில் ஒரு கிலோ கூடினால் கணக்கில் ஹெக்டேருக்கு 400 கிலோ கூடும். கயிற்றை ஒரு சாண் தள்ளிக் கட்டினால், உதிர்ந்த மணியைக் கூட்டி அள்ளினால் அல்லது அள்ளாமல் விட்டால், அந்தக் கிராமம் முழுவதற்கும் இழப்பீடு மாறிப்போகும். ஏழு வருடத்தில் நல்ல ஐந்து வருட சராசரியை வைத்து உத்தரவாத மகசூல் போட்டிருப்பார்கள். அதற்கு எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில்தான் பணம்.

ஆகவே உங்கள் ஊரில் பரிசோதனை நடக்கும் நாளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வயலில் போய் நில்லுங்கள். நான் பணியில் இருந்தவரை, விவசாயிகள் பத்துப் பேர் சுற்றி நின்ற வயலில் கயிறு நேராகவே இருந்தது.

---

கல்வராயன்_மக்காச்சோளம் | 6 ஆகஸ்ட் 2025

நாங்க கள்ளக்குறிச்சி மாவட்டம். பி.எம். கிசான்னு சொன்னாலே எங்களுக்கு 2020தான் ஞாபகம் வரும். கொரோனா நேரத்துல, நிலமே இல்லாதவங்க பேரை ஆயிரக்கணக்குல ஏத்திப் பணம் எடுத்தாங்க. மாநிலம் முழுக்க தகுதியில்லாதவங்க சுமார் 5.5 லட்சம் பேர், 110 கோடி ரூபாய்னு அரசே சொல்லுச்சு. அதிகாரிங்களோட கடவுச்சொல்லை வெளியாளுங்க பயன்படுத்தி ஏத்தியிருக்காங்க. ஒப்பந்த ஊழியர்கள் பணி நீக்கம், சி.பி.சி.ஐ.டி. வழக்கு எல்லாம் நடந்துச்சு.

அதுல மாட்டினது யாரு தெரியுமா? கூலி வேலைக்குப் போற அம்மாக்கள். "கொரோனா பணம் தர்றாங்க, ஆதாரும் பாஸ்புக்கும் கொடுங்க"ன்னு புரோக்கர் கேட்டான், கொடுத்தாங்க. வந்த பணத்துல பாதியை அவன் எடுத்துக்கிட்டான். பிறகு பேங்க்ல அவங்க கணக்கை முடக்கி மொத்தத்தையும் பிடிச்சாங்க. எங்க தெருவுல ஒரு அக்கா முழுப் பணத்தையும் திருப்பிக் கட்டினாங்க, அவங்க கையில தங்கினது பாதிதான். அதுக்கப்புறம் உண்மையான விவசாயி பதியப் போனாலும் எல்லாரும் திருடனைப் பாக்குற மாதிரிதான் பாக்குறாங்க. இப்ப கேக்குற இத்தனை காகிதத்துக்கும் ஒரு காரணம் அதுதான்னு நினைக்கிறேன்.

---

ஐதராபாத்_தஞ்சாவூரான் | 8 ஆகஸ்ட் 2025

வேலைக்காகப் பத்து வருஷமா இங்க இருக்கேன். பக்கத்து மாநிலங்கள்ல எப்படிக் கொடுக்குறாங்கன்னு கொஞ்சம் சொல்றேன்.

தெலங்கானாவுல 2018 மே மாசம் ரைத்து பந்து வந்துச்சு. ஏக்கருக்கு ஒரு பருவத்துக்கு 4,000, பிறகு 5,000. உச்சவரம்பே இல்ல. 40 ஏக்கர் வெச்சிருந்தா 40 ஏக்கருக்கும் பணம். குத்தகைதாரருக்கு ஒரு பைசா கிடையாது, முதலமைச்சரே வெளிப்படையா மாட்டேன்னு சொன்னார். ஆட்சி மாறி இந்த ஜனவரியில இருந்து ரைத்து பரோசா, ஏக்கருக்கு வருஷம் 12,000. அதுவும் பட்டாவை வெச்சுத்தான். நிலமில்லாத கூலித் தொழிலாளர் குடும்பத்துக்கு மட்டும் தனியா ஒரு திட்டம் கொண்டு வந்திருக்காங்க.

ஆந்திராவுல 2019ல ஒரு சட்டம் போட்டாங்க. சாகுபடியாளர் உரிமை அட்டைன்னு பேரு, 11 மாசத்துக்கு மட்டும் செல்லும். நிலக்காரர் கையெழுத்துப் போடணும், ஆனா அதனால நில உரிமைக்கு எந்த பாதகமும் வராதுன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. அந்த அட்டை வெச்சிருந்த எஸ்.சி., எஸ்.டி., பி.சி., சிறுபான்மைக் குத்தகைதாரருக்கு மாநில அரசே வருஷம் 13,500 கொடுத்துச்சு. கையெழுத்துப் போட அங்கயும் நிறைய நிலக்காரங்க தயங்கினாங்கங்கிறது உண்மை. ஆனா ஒரு கதவு திறந்துச்சே.

மேற்கு வங்கத்துல கிரிஷக் பந்து திட்டத்துல பதிவு பெற்ற வாரதாரருக்கும் பணம் உண்டு. 1978ல இருந்து அவங்க பேரைப் பதிஞ்சு வெச்சிருந்ததால இன்னைக்கு அது நடக்குது. ஒடிசாவுல காலியா திட்டம் தொடங்கினப்பவே வாரதாரரையும் நிலமில்லாத குடும்பத்தையும் சேத்துக்கிட்டாங்க. ஆக, முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

---

மயிலாப்பூர்_நிலக்காரன் | 8 ஆகஸ்ட் 2025

11 மாதம், நில உரிமைக்குப் பாதகம் இல்லை என்று சட்டத்திலேயே உறுதி. இப்படி ஒன்று இங்கே இருந்தால் நாளைக்கே கையெழுத்துப் போடுவேன். எங்கள் குடும்பத்தில் மற்ற மூன்று பேரும் போடுவார்கள் என்று நம்புகிறேன்.

---

வெட்டாறு_பாலு | 8 ஆகஸ்ட் 2025

நிதி ஆயோக் 2016லயே மாதிரி நிலக் குத்தகைச் சட்டம் ஒண்ணு எழுதி எல்லா மாநிலத்துக்கும் அனுப்புச்சு. உடையவருக்கு உரிமை பத்திரம், உழுறவருக்குக் கடன், காப்பீடு, நிவாரணம்னு ரெண்டு பேரையும் நினைச்சு எழுதினது. ஒரு விஷயத்துல மட்டும் நான் ஐயாவோட ஒத்துப்போக மாட்டேன். 11 மாசம்னு வந்துட்டா வருஷா வருஷம் ஆளை மாத்துறது சுலபம் ஆயிடும். மூணு தலைமுறையா உழுறவனுக்கும் போன வருஷம் வந்தவனுக்கும் ஒரே அட்டைன்னா, இருக்கிற பாதுகாப்பும் போயிடும். பழைய குத்தகைக்கு 55ஆம் வருஷச் சட்டம் அப்படியே நிக்கணும். அட்டை அதுக்கு மேல வரணும்.

---

கோயில்நிலம்_திருவாரூர் | 11 ஆகஸ்ட் 2025

எங்களுக்கு நிலக்காரரே சாமிதான். கோயில் நிலம் 6 மா, தாத்தா காலத்துல இருந்து. குத்தகை ரசீது பசலி (ஜூலையில தொடங்குற வருவாய்க் கணக்கு ஆண்டு) வாரியா கையில இருக்கு. எங்களுக்கு எழுத்து ஆதாரம் உண்டு, அப்பவும் பி.எம். கிசான் கிடையாது. பட்டா கோயில் பேருல இருக்கே. கோயிலுக்கும் அந்தப் பணம் போகாது, நிறுவன நிலம்னு விலக்கு. ஆக இந்த 6 மாவுக்கு யாருக்குமே பணம் இல்ல. நாகை, திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் கோயில், மடத்து நிலம் எவ்வளவு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.

ஆனா ரசீதை வெச்சு அடங்கல் வாங்கி இன்சூரன்ஸ் கட்டிடறேன். அதுல தடை இல்ல. குத்தகை பாக்கி இருந்தா மட்டும் ரசீது தர மாட்டாங்க. அறுவடை போன வருஷம் பாக்கி விழும், பாக்கி விழுந்தா ரசீது இல்ல, ரசீது இல்லன்னா அடுத்த வருஷம் இன்சூரன்ஸ் இல்ல. நஷ்டப்பட்டவனுக்குத்தான் அந்தக் காகிதம் அவசியம்.

---

களத்துமேடு | 14 அக்டோபர் 2025

ரெண்டு மாசமா தூங்கின இழையை எழுப்புறேன், மன்னிக்கணும். பத்து நாளா கொள்முதல் நிலைய வாசல்ல நெல்லைக் கொட்டி வெச்சுட்டுக் காவல் இருக்கேன். ராத்திரி மழை. தார்ப்பாய்க்கு அடியில கையை விட்டா சூடா இருக்கு, அடி நெல்லு முளை விட்டுருச்சு. வெள்ளை வெள்ளையா, ஊசி முனை அளவுக்கு.

நீங்க 2,000 யாருக்குன்னு பேசிக்கிட்டு இருக்கீங்க. தப்புன்னு சொல்லல. இந்த வருஷம் சன்ன ரகத்துக்கு 2,545, பொது ரகத்துக்கு 2,500 குவிண்டாலுக்குன்னு அறிவிச்சாங்க. நல்ல விலைதான். அந்த விலை என் கைக்கு வரணும்னா ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும், சாக்கு இருக்கணும், லாரி வரணும். வானம் மூடிக்கிட்டு இருக்கிறப்ப 17க்கு எங்க போறது? 22 வரைக்கும் அனுமதிக்கணும்னு கேக்குறோம், பதில் வர்றதுக்குள்ள என் நெல்லு நாத்தாயிடும். ஊருக்கு ஒரு உலர்களமும் கூரையும் கட்டிக் கொடுங்க, எனக்கு இந்த 6,000 வேண்டாம். நான் பட்டாதாரர். எனக்கு வருது. மனசாரச் சொல்றேன்.

---

நடவுக்காரி | 14 அக்டோபர் 2025

அண்ணே, படிக்கவே முடியல. முளைச்ச நெல்லைத் தனியா ஒதுக்கி வைங்க, மேல் நெல்லோட கலந்துடாதீங்க. போன முறை நான் கலந்துட்டேன், மொத்தத்தையும் தள்ளிட்டாங்க.

ஆனா களமா காசான்னு நம்மளையே தேர்வு செய்யச் சொல்லாதீங்க. ரெண்டும் நமக்குச் சேர வேண்டியதுதான்.

---

பாமணிக்கரை | 19 அக்டோபர் 2025

நம்ம குறுவை தப்பிச்சுது, மழைக்கு முன்னாடியே அறுத்துட்டோம். தாளடி நட்டாச்சு. இந்தத் தடவை இன்சூரன்ஸை விடக் கூடாதுன்னு இருக்கேன். நவம்பர் 15 கடைசி நாள். அடங்கல் கேட்டுப் போனேன், நிலக்காரர்கிட்ட இருந்து கடுதாசி வேணும்கிறாங்க. மயிலாப்பூர் ஐயா, நீங்க உங்க சாகுபடிக்காரருக்கு ஏதாவது எழுதிக் கொடுத்தீங்களா? எப்படி எழுதினீங்க?

---

மயிலாப்பூர்_நிலக்காரன் | 20 அக்டோபர் 2025

கொடுத்தேன். இந்த இழையைப் படித்த பிறகுதான் கொடுத்தேன். வாசகம் இதுதான், பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்:

"மேற்படி புல எண்களில் உள்ள எனது நன்செய் நிலத்தில் பசலி 1435 சம்பா/தாளடிப் பருவத்தில் நெல் சாகுபடி செய்திருப்பவர் இவரே. இப்பருவத்துக்கான பயிர்க் காப்பீட்டை இவர் தம் பெயரில் செய்துகொள்ளவும், பயிர்ச் சேதம் ஏற்பட்டால் காப்பீட்டுத் தொகையையும் அரசு நிவாரணத்தையும் இவரே தம் வங்கிக் கணக்கில் பெற்றுக்கொள்ளவும் எனக்கு முழுச் சம்மதம்."

இதற்குக் கீழே "இக்கடிதம் குத்தகைப் பதிவுக்கு ஆதாரமாகாது" என்று ஒரு வரி சேர்த்தேன். அது இல்லாமல் என் தம்பிகள் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

---

ஓய்வு_வேளாண்அலுவலர் | 20 அக்டோபர் 2025

கடிதம் நன்றாக இருக்கிறது. அந்தக் கடைசி வரி நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது வேறு கேள்வி, அதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். காப்பீட்டுக்கு மேலே உள்ள பத்தியே போதும். புல எண்ணும் உட்பிரிவும் அடங்கலில் இருப்பது போலவே இருக்க வேண்டும். 112/2A என்பதை 112/2 என்று எழுதிவிட்டு இழப்பீடு வராமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

---

பாமணிக்கரை | 9 நவம்பர் 2025

எங்க நிலக்காரருக்கு அந்த வாசகத்தை வாட்ஸ்அப்ல அனுப்பினேன். ரெண்டு நாள் பதிலே இல்ல. மூணாவது நாள் அவரோட மகள் போன் பண்ணாங்க. முதல் தடவையா அவங்ககூட அரை மணி நேரம் பேசினேன். நிலம் எங்க இருக்கு, வாய்க்கால் எந்தப் பக்கம், என்ன ரகம் போட்டிருக்கேன்னு எல்லாம் கேட்டாங்க. "அப்பா கையெழுத்துப் போட்டுட்டார், கூரியர்ல வருது"ன்னு சொன்னாங்க.

முந்தாநாள் அடங்கல் கிடைச்சது, என் பேருல. நேத்து சொசைட்டியில பிரீமியம் கட்டினேன். ரசீதுல "விவசாயி பெயர்"னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என் பேரு. எங்க அப்பா வாங்கிப் பாத்துட்டு மடிச்சு சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சுட்டார். இ-சேவை தம்பிக்கு: தாத்தா பட்டாவுக்கு வாரிசுச் சான்று மனு போட்டாச்சு, மூணு அத்தையும் கையெழுத்துப் போட்டாங்க.

---

நடவுக்காரி | 10 நவம்பர் 2025

சந்தோஷம் தம்பி. அந்த வாசகத்தைக் கொழுந்தனார் ரெண்டு பேருக்கும் நானும் அனுப்பியிருக்கேன். ஒருத்தர் பதில் போட்டார். இன்னொருத்தருக்கு அங்க இப்ப ராத்திரி.

---

பாமணிக்கரை | 19 நவம்பர் 2025

இன்னைக்கு கோயம்புத்தூர்ல 21வது தவணையை விட்டுட்டாங்க. சாயங்காலம் நிலக்காரர் பேசினார். "இந்தத் தடவை வந்த 2,000ஐ உன் கணக்குக்கு அனுப்பிட்டேன், உரத்துக்கு வெச்சுக்க"ன்னார். வாங்கிக்கிட்டேன், மனசு நெகிழ்ந்துதான் போச்சு. ஆனாலும் அவர்கிட்டயே சொன்னேன், "ஐயா, இது நீங்க கொடுக்கிறது. அரசாங்கம் என் பேருல கொடுக்கிற நாளுக்கு நான் இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்"னு. "அது நியாயம்தான்ப்பா"ன்னார்.

வர்ற குறைதீர் கூட்டத்துல சாகுபடியாளர் அட்டை கேட்டு மனு கொடுக்கப் போறோம். எங்க ஊர்ல 41 பேர் கையெழுத்து ஆச்சு, அதுல 6 பேர் நிலக்காரங்க. பக்கத்து ஊர்க்காரங்க யாராவது வர்றதா இருந்தா இங்கயே சொல்லுங்க, மனு நகல் அனுப்புறேன்.